ஒரே ஊசி, இரண்டு விளைவு: ஆண் எலியின் சுரப்பிகளில் ஸ்டீரொயிட் ஓமோனைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

வன்னியில் ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நலமடித்த கிடாய்க்குக் கழுத்து மயிர் அடர்ந்து வளராது. மொச்சை மணமும் வராது. மறிகளைத் துரத்தாமல், கொழுப்பு வைத்து அமைதியாக நிற்கும். ஆனால் வெளியே தெரியாத ஒன்றும் உள்ளே நடக்கிறது. அந்தக் கிடாயை இறைச்சிக்கு வெட்டும்போது சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். முழுக் கிடாயில் திரண்டு கிடக்கும் சுரப்பிகள் இதில் சூம்பிப்போய்க் கிடக்கும். நசுக்கியது விதையை மட்டும்தான், உள்ளே இருந்த சுரப்பிகளை யாரும் தொடவில்லை. பிறகு ஏன் அவை சூம்பின?

இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான விடை கோழியில் கிடைத்தது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னோல்ட் பெர்த்தோல்ட் என்பவர் ஆறு சேவற்குஞ்சுகளை வைத்துப் பரிசோதனை செய்தார். விதையை முற்றாக இழந்தவை கொண்டை வளராமல், கூவாமல் நின்றன. விதையை எடுத்து வயிற்றுக்குள் வேறிடத்தில் வைத்த குஞ்சுகளோ வழமையான சேவலாகவே வளர்ந்தன. வைத்த விதைக்கு நரம்புத் தொடர்பு எதுவும் இல்லை, புதிய இரத்தக் குழாய்கள் மட்டுமே வந்து சேர்ந்திருந்தன. அப்படியென்றால் விதை ஏதோ ஒன்றை இரத்தத்தில் கலந்து அனுப்புகிறது. அந்த ஏதோ ஒன்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஸ்டீரொயிட் ஓமோன் என்று தெரியவர 1935 ஆகிவிட்டது. அந்த ஆண்டு நெதர்லாந்தில் எர்ன்ஸ்ட் லக்கேயரின் குழு காளை விதைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தது. ஏறத்தாழ 100 கிலோ விதையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக முதன்முறை எலிக்கூட்டறைக்குள் போகும் தம்பி தங்கச்சிமாரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் உயிரியல் படித்திருந்தால் போதும். நான் சொல்ல வருவது ஒன்றே: விதையையும் அதைச் சார்ந்து விந்துநீரைச் சுரக்கும் துணைச் சுரப்பிகளையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஓமோனை ஒரே எலிக்கு ஏற்றும்போது ஒன்று சூம்பலாம், மற்றது பருக்கலாம். இது மனதில் பதியாமல் எலியைத் தொட்டால், எடுத்த எடையெல்லாம் புதிராகத்தான் இருக்கும்.

முதலில் உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கண்டுபிடியுங்கள்

வேறொரு ஆய்வுக்காக உயிரிழந்த ஆண் எலியின் உடல் கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். அதில்தான் பழக வேண்டும். பழகுவதற்கென்று ஓர் எலியைக் கொல்ல வேண்டியதில்லை.

விதையைத் தேடத் தேவையில்லை. வளர்ந்த எலியில் ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை இருக்கும். ஆனால் எலிக்கு விதைப்பையிலிருந்து வயிற்றுக்குள் போகும் வழி வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கிறது. பயந்த எலி விதையை உள்ளே இழுத்துக்கொள்ளும். விதைப்பையில் காணவில்லை என்று பதறாதீர்கள், வயிற்றைத் திறந்தால் அங்கே இருக்கும். விதையின் ஓரத்தில் ஒட்டிச் சுருண்டு கிடப்பது விதைமேற்றிணிவு. விந்தணு முதிர்வதும் சேமிக்கப்படுவதும் அங்கேதான்.

சிறுநீர்ப்பையை மேலே தூக்கிப் பிடித்தால் அதற்குக் கீழே, கொழுப்புக்குள் பாதி மறைந்து, இளஞ்சிவப்பாக இரண்டு மடல்கள் தெரியும். அதுதான் முன்னிற்குஞ்சுரப்பியின் (புரொஸ்டேட்) வயிற்றுப்புற மடல். இந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் துண்டு அது. சிறுநீர்ப்பையின் இரு பக்கமும் செம்மறிக் கடாவின் கொம்பு போல வளைந்து, பால் நிறத்தில் வீங்கி நிற்பவை சுக்கிலப் புடகங்கள். அந்தக் கொம்பின் உள்வளைவோடு ஒட்டிக் கண்ணாடிபோல் தெரிவது உறைசுரப்பி. எலி இணைந்த பிறகு பெண் எலியின் யோனிக்குள் ஒரு கெட்டியான அடைப்பு உருவாகும். புடகத்தின் புரதத்தை உறைசுரப்பியின் நொதியம் இறுக்குவதால்தான் அது உருவாகிறது. ஆண்குறியின் அடியில், தசைக்குள் புதைந்து அரிசிமணியைப் போல இரண்டு கூப்பர் சுரப்பிகள் உண்டு. முதல் நாள் இவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கண் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

மனிதனின் முன்னிற்குஞ்சுரப்பி ஒரே கட்டியாக இருக்கும். எலியிலோ மடல் மடலாகப் பிரிந்திருக்கிறது, ஒவ்வொரு மடலும் ஓமோனுக்குக் காட்டும் விளைவும் வேறுபடும். எனவே குறிப்பில் 'முன்னிற்குஞ்சுரப்பி' என்று மட்டும் எழுதாமல் எந்த மடல் என்பதையும் எழுதுங்கள்.

அடுத்து, மோட்டரும் தொட்டியும்

மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் ஒரு தூது அனுப்புகிறது. அதைக் கேட்டுக் கபச்சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். என்ற இரண்டு ஓமோன்களைச் சுரக்கிறது. எல்.எச். விதையின் லெயிடிக் கலங்களை எழுப்பி டெஸ்டோஸ்டிரோனைச் செய்ய வைக்கிறது. செய்த டெஸ்டோஸ்டிரோன் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், 'போதும்' என்று சொல்கிறது. பாடநூலில் இந்த வட்டத்தை எல்லோரும் வரைந்திருப்பீர்கள். ஆனால் வட்டத்தில் இல்லாத ஒரு விடயம்தான் இங்கே முக்கியம். விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். விந்தாக்கத்துக்கு அந்த உயர்ந்த செறிவு வேண்டும். முன்னிற்குஞ்சுரப்பிக்கும் சுக்கிலப் புடகத்துக்கும் இரத்தத்தில் வருவதே போதும்.

இப்போது வெளியிலிருந்து ஊசியில் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் என்ன ஆகும்? வீட்டுத் தொட்டியைப் பவுசர் வந்து நிரப்பிவிட்டால் கிணற்றடி மோட்டரை யாரும் போட மாட்டார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடும். ஆனால் மோட்டரடியில் வழிந்த தண்ணீரை நம்பி நின்ற கத்தரி நாற்று வாடிப்போகும். ஊசி போட்ட எலியிலும் இதே கதைதான். இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருப்பதால் எல்.எச். விழுந்துவிடுகிறது, லெயிடிக் கலங்கள் வேலையை நிறுத்துகின்றன, விதைக்குள் செறிவு இறங்குகிறது, விந்தாக்கம் தடைப்படுகிறது, விதை சிறுக்கிறது. அதே எலியின் முன்னிற்குஞ்சுரப்பியும் சுக்கிலப் புடகமும் குறையாமல் நிற்கும், சில வேளை பருக்கவும் செய்யும்.

இதில் ஒரு வளைவு உண்டு. அளவை மிக உயர்த்திக்கொண்டே போனால், இரத்தத்திலிருந்தே விதைக்குள் போதிய டெஸ்டோஸ்டிரோன் ஊறி, விந்தாக்கம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நடு அளவில் சூம்பிய விதை உயர்ந்த அளவில் நன்றாக இருப்பதைக் கண்டு, குழுக்கள் மாறிவிட்டனவோ என்று குழம்ப வேண்டாம். எலியில் இது நன்கு தெரிந்த விடயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்னிற்குஞ்சுரப்பி டெஸ்டோஸ்டிரோனை வந்தபடியே பயன்படுத்துவதில்லை. 5-அல்பா ரிடக்டேஸ் என்ற நொதியத்தால் அதை டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றி, வீரியத்தைக் கூட்டிக்கொள்கிறது. தசையில் அந்த நொதியம் மிகக் குறைவு. உடற்கட்டு ஸ்டீரொயிட்கள் தசையை ஒரு விதமாகவும் சுரப்பியை வேறு விதமாகவும் தூண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழு எலியா, விதை நீக்கிய எலியா?

எந்த ஆய்வைப் படித்தாலும், எந்த ஆய்வைத் தொடங்கினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. முழு எலியில் உங்கள் மருந்தும் எலியின் சொந்த ஓமோனும் ஒன்றாகக் கலந்து வேலை செய்யும். விதை நீக்கிய எலியில் மருந்து மட்டும்தான் பேசும். எலிக்கு இந்த இடத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு: மனிதனின் அதிரீனல் சுரப்பி ஆண் ஓமோனின் முன்னோடிகளை நிறையச் சுரக்கும், எலியினது அப்படிச் செய்வதில்லை. அதனால் விதை போனதும் எலியின் உடலில் ஆண் ஓமோன் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். வயிற்றுப்புற மடல் ஒரு கிழமைக்குள் பாதிக்கு மேல் எடை இழக்கும். கலங்கள் தாமாகவே இறந்து ஒதுங்குவதால் வரும் இழப்பு அது. பிறகு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் சுரப்பி மீண்டும் எழுந்து நிற்கும். இந்த எழுச்சியைத்தான் அளக்கிறோம்.

சரி, ஒவ்வொரு வகை ஸ்டீரொயிட்டும் என்ன செய்யும்? டெஸ்டோஸ்டிரோனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நண்ட்ரோலோன் போன்ற உடற்கட்டு ஸ்டீரொயிட்களும் எல்.எச்.ஐ அடக்கி விதையைச் சிறுக்க வைக்கும். விதை நீக்கிய எலியில் அவை ஆசனவாய் தூக்கித் தசையை நன்றாகப் பருக்க வைத்து, வயிற்றுப்புற மடலை அந்தளவுக்குப் பருக்காமல் விடும். நண்ட்ரோலோனை மேற்சொன்ன நொதியம் மாற்றும்போது அதன் வீரியம் கூடாமல் குறைவதே காரணம். சிப்ரோடெரோன் அசிடேட் புரொஜெஸ்ட்ரோன் வகையைச் சேர்ந்தது. ஆனால் ஆண் ஓமோனின் ஏற்பியில் போய் உட்கார்ந்து அதை மறித்துக்கொள்வதால், துணைச் சுரப்பிகள் சூம்பும். டெக்சமெதசோன், கோர்ட்டிகோஸ்டிரோன் போன்ற, நெருக்கடி நேர ஓமோன் வகையான குளுக்கோகோர்ட்டிகோயிட்கள் லெயிடிக் கலங்களின் வேலையையும் எல்.எச்.ஐயும் தாழ்த்தும். எலிக்கு வரும் பயமும் நெருக்கடியும் இதே வழியில்தான் போகின்றன. அதனால்தான் எலியைப் பிடிக்கும் கையைப் பற்றிப் பின்னால் நீளமாகச் சொல்லப்போகிறேன்.

ஈஸ்ட்ரோஜன் முழு ஆண் எலியில் எல்.எச்.ஐ பலமாக அடக்கும். விதையும் துணைச் சுரப்பிகளும் இரண்டுமே சூம்பும். ஆனால் சுரப்பியின் மேலணி இழையத்தை அது நேரடியாகவும் மாற்றும். சுரக்கும் கலங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தோலைப் போலத் தட்டையான கலங்கள் அடுக்கடுக்காக வரும். கால்நடையை வைத்திருப்பவர்களுக்குப் புரியும் ஓர் உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியாவில் 1940களில் நடந்தது. அங்கே ஒரு வகைக் குளோவர் புல்லில் ஈஸ்ட்ரோஜனைப் போல வேலை செய்யும் பொருள் இருந்தது. அதை மேய்ந்த பெண் செம்மறிகள் சினைப்படாமல் போயின. நலமடித்த ஆண் செம்மறிகளின் கூப்பர் சுரப்பிகளோ பெரிதாக வீங்கி, சிறுநீர் வழியை அடைத்து, சில ஆடுகள் இறந்தும் போயின. மருந்தும் இல்லை ஊசியும் இல்லை, மேய்ந்த புல்லே ஓமோனாகிவிட்டது. சோயா கலந்த தீவனத்தை எலிக்குக் கொடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். சோயாவிலும் அந்த வகைப் பொருள்கள் உண்டு. ஆய்வு முடியும்வரை ஒரே தீவனத்தை, முடிந்தால் ஒரே தொகுதியிலிருந்து வாங்கிக் கொடுங்கள்.

திட்டமும் அனுமதியும்

அனுமதி கிடைக்காமல் ஓர் எலியைக்கூடத் தொடக் கூடாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இருவர் முன்வைத்த மூன்று கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். விலங்கு இல்லாமல் இதைச் செய்ய முடியுமா? இன்னும் குறைந்த விலங்குகளோடு முடியுமா? அவற்றின் வேதனையைக் குறைக்க என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் புதியவர்கள் பொதுவாக ஒரு வரியில் பதில் எழுதிவிடுகிறார்கள். மயக்க மருந்து, சத்திரசிகிச்சைக்குப் பிறகு வலிநிவாரணி, எந்த அறிகுறியைக் கண்டால் எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவீர்கள் என்ற எல்லாவற்றையும் விரித்து எழுதுங்கள். விதை நீக்கும் சத்திரசிகிச்சையை மிருக வைத்தியர் அல்லது பயிற்சி பெற்றவர் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

புதிதாகத் திட்டம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஹெர்ஷ்பெர்கர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஹெர்ஷ்பெர்கர் என்ற ஆய்வாளரின் பெயரில் 1953இல் வெளிவந்த முறை, பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பின் 441ஆவது வழிகாட்டியாக 2009இல் தரப்படுத்தப்பட்டது. அதன் எலும்புக்கூடு இதுதான். ஏறத்தாழ 42 நாள் வயதில் விதை நீக்கப்படுகிறது. குறைந்தது ஒரு கிழமை விடுகிறார்கள், சுரப்பிகள் சூம்பட்டும் என்று. பிறகு தொடர்ந்து 10 நாள் மருந்து, கடைசி ஊசிக்கு ஏறத்தாழ 24 மணித்தியாலம் கழித்து எடை. குழுவுக்கு ஆறு எலி. எடை பார்ப்பவை ஐந்து: வயிற்றுப்புற மடல், உறைசுரப்பியோடும் நீரோடும் சேர்ந்த சுக்கிலப் புடகம், ஆசனவாய் தூக்கித் தசையும் அதோடு ஒட்டிய தசையும், கூப்பர் சுரப்பிகள், ஆண்குறியின் மொட்டு. ஒரு பொருள் ஆண் ஓமோனைப் போல் வேலை செய்கிறதா என்று பார்க்க அதைத் தனியாகக் கொடுப்பார்கள். ஆண் ஓமோனை மறிக்கிறதா என்று பார்க்க டெஸ்டோஸ்டிரோனின் ஊசி வடிவமான டெஸ்டோஸ்டிரோன் புரொப்பியனேட்டோடு சேர்த்துக் கொடுப்பார்கள். மறிக்கும் மருந்துக்கு ஒப்பீடாக இருப்பது புளூட்டமைட்.

உங்கள் ஆய்வு இதே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒப்பீட்டுக்காக, மருந்து கரைக்காத வெறும் எண்ணெயை மட்டும் ஏற்றிய குழு கட்டாயம் வேண்டும். அது இல்லாத ஆய்வைச் செய்து எலிகளை வீணாக்காதீர்கள்.

எலி வந்து சேரும் வழியும் வன்னி வெயிலும்

கொழும்பிலிருந்து எலி எடுப்பதாக இருந்தால் ஏ9 வீதியால் கிளிநொச்சிக்கு வர 300 கிலோமீற்றருக்கு மேல். பகலில் ஏற்றாதீர்கள். இரவில் புறப்பட்டு விடிய வந்து சேரும்படி ஒழுங்கு செய்யுங்கள், தண்ணீருக்குப் பதிலாக ஈரமான மரக்கறித் துண்டுகளைப் பெட்டிக்குள் வையுங்கள். வந்த எலிக்குக் குறைந்தது ஒரு கிழமை ஓய்வு கொடுங்கள். பயணக் களைப்போடு இருக்கும் எலியின் ஓமோன் அளவை நம்ப முடியாது.

அறை வெப்பம் 22 பாகை, மேலும் கீழும் 3 பாகை என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. சித்திரையில் நம் வெளிவெயில் 35ஐத் தொடும். விதை உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிராக இருந்தால்தான் விந்தாக்கம் ஒழுங்காக நடக்கும். எனவே மின்வெட்டு வந்து குளிரூட்டி நின்றால், வெப்பமே ஒரு மருந்தாகிவிடும். மருந்து கொடுக்காத குழுவின் விதையும் பழுதாகி, குழுக்களுக்கிடையிலான வித்தியாசம் மங்கிவிடும். ஜெனரேட்டரை நம்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நாளின் உச்சத்தையும் தாழ்வையும் காட்டும் வெப்பமானி ஒன்றைக் கூட்டு உயரத்தில் தொங்கவிட்டு, விடியவும் பின்னேரமும் கொப்பியில் எழுதுங்கள். மின்சாரம் நின்ற நேரம், வந்த நேரம் இரண்டையும் எழுதுங்கள்.

கூடுகளை அடுக்கும்போது ஒரு குழுவை முழுவதும் யன்னல் பக்கம், மற்றதைச் சுவர்ப் பக்கம் என்று வைக்கக் கூடாது. கலந்து அடுக்கி, கிழமைக்கொரு தடவை இடம் மாற்றுங்கள். வெளிச்சம் 12 மணித்தியாலம், இருட்டு 12 மணித்தியாலம். இரவுக் காவலாளி மின்விளக்கைப் போட்டுவிட்டுப் போகாமல் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஊசி போடும் நாட்கள்

டெஸ்டோஸ்டிரோனை வாயால் கொடுத்தால் பெரும்பகுதி ஈரலில் அழிந்துவிடும். அதனால் எண்ணெயில் கரைத்துத் தோலுக்குக் கீழ் ஏற்றுகிறோம். இதற்குப் பயன்படும் எண்ணெய்களில் நல்லெண்ணெயும் ஒன்று. வன்னி எள்ளில் ஆட்டிய எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துவராதீர்கள். மருந்துத் தரத்தில் சுத்திகரித்த எண்ணெய்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஊசி போட்ட இடம் வீங்கும்.

கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்பது அளவு, எலி 250 கிராம். அப்படியென்றால் அந்த எலிக்கு 0.1 மில்லிகிராம். கிலோவுக்கு 0.5 மில்லிலீற்றர் ஏற்றுவதாக இருந்தால் இந்த எலிக்கு 0.125 மில்லிலீற்றர். எனவே கரைசல் மில்லிலீற்றருக்கு 0.8 மில்லிகிராமாக இருக்க வேண்டும். எலி நாளுக்கு நாள் பருக்கும், ஆகவே தினமும் எடை பார்த்துவிட்டே ஏற்றும் கனவளவைத் தீர்மானியுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், ஒரே முறையில் பிடித்துப் போட வேண்டும். ஊசி தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்பிருந்தே ஒவ்வொரு எலியையும் நாளுக்கு இரண்டு நிமிடம் கையில் எடுத்துப் பழக்குங்கள். முதல் நாள் கையில் மூத்திரம் பெய்து உதறும் எலி, நாலாம் ஐந்தாம் நாளில் உள்ளங்கையில் உட்கார்ந்து முகத்தைத் துடைக்கத் தொடங்கும். அந்த எலியில் எடுத்த இரத்தத்துக்கும் வாலைப் பிடித்து இழுத்த எலியில் எடுத்த இரத்தத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எலி என்னைத் தெரிந்துகொண்ட பிறகு அதைக் கொல்வது மனதுக்குக் கடினமாக இருக்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். கடினமாகத்தான் இருக்கும். அந்தக் கடினத்தை நாம் தாங்கிக்கொள்வோம், எலிக்குப் பயத்தைக் கொடுக்க வேண்டாம் என்றேன்.

ஓமோன் தூளைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள் ஆண் ஓமோன்களையோ 5-அல்பா ரிடக்டேஸை மறிக்கும் மருந்துகளையோ தொடவே வேண்டாம். ஆண் கருவின் உறுப்பு வளர்ச்சியை அவை குழப்பும்.

எடை பார்க்கும் நாள்

பத்து நாள் உழைப்பும் இந்த ஒரு நாளில்தான் நிற்கும் அல்லது கவிழும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது சுக்கிலப் புடகத்தைக் கொழுப்பிலிருந்து பிரிக்கையில் கத்தரிக்கோலின் நுனி அதில் பட்டுவிட்டது. மயிரளவு கீறல்தான். பிசின்போல ஒரு துளி வெளியே வந்தது, துடைத்துவிட்டு நிறுத்தேன். அன்று பின்னேரம் எண்களைப் பார்த்தபோது ஆறு எலிகளில் அந்த ஒன்று மட்டும் தனியாகத் தாழ்ந்து நின்றது. மருந்தின் விளைவா என் கத்தரிக்கோலின் விளைவா என்று சொல்ல இனி வழியே இல்லை. ஓர் உயிரைக் கொடுத்து வாங்கிய எண் அது. இன்றும் நினைத்தால் கவலையாக இருக்கிறது.

எனவே புடகத்தின் அடியைப் பிரிக்கும் முன் இடுக்கியால் கவ்வி அல்லது நூலால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெட்டுங்கள். கொழுப்பை நுனி மழுங்கிய இடுக்கியால் உரித்தெடுங்கள், பூவின் இதழைப் பிரிப்பதுபோல. கசிந்தால் மறைக்காமல் கொப்பியில் 'கசிந்தது' என்று எழுதுங்கள்.

வயிற்றுப்புற மடலுக்கு வேறு பிரச்சினை. சூம்பிய மடல் மிகச் சிறியது, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் கண்ணுக்கு முன்னாலேயே காய்ந்து எடை குறையும். விசிறியை நிறுத்துங்கள். ஈர வடிதாள் விரித்த மூடிய தட்டில் வைத்து உடனே நிறுங்கள். தராசு 0.1 மில்லிகிராம் வரை காட்ட வேண்டும். எந்த எலி எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் வெட்ட வேண்டும், தெரிந்தவர் எழுத வேண்டும். எலிகளைக் குழுக் குழுவாக எடுக்காமல் கலந்து எடுங்கள், இல்லாவிட்டால் காலையில் புத்துணர்ச்சியோடு வெட்டிய குழுவும் மதியம் களைத்துப்போய் வெட்டிய குழுவும் தாமாகவே வித்தியாசப்படும்.

கண்ணாடித் தகடும் காலமும்

நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்காக விதையைச் சாதாரண போர்மலினில் போட்டுப் பதப்படுத்தினால் சுக்கிலச் சிறுகுழாய்கள் சுருங்கி, கலங்களுக்கிடையில் இல்லாத வெளிகள் தோன்றும். போயின் கரைசல் நல்லது. அதிலுள்ள பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கக் கூடியது, ஆகவே போத்தலின் வாயில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் திறக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

நுணுக்குக்காட்டியில் என்ன தேடுவது என்பது மருந்து கொடுத்த காலத்தைப் பொறுத்தது. எலியில் விந்தாக்கம் முழுமையாக ஒரு சுற்று முடிய ஏறக்குறைய எட்டுக் கிழமை ஆகும், சுண்டெலியில் ஐந்து கிழமை. பத்து நாள் ஊசி போட்டுவிட்டு விதைமேற்றிணிவில் விந்தணுவை எண்ணினால், ஊசிக்கு முன்பே உருவானவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 'மருந்தால் பாதிப்பில்லை' என்று அதிலிருந்து எழுதுவது பிழை. துணைச் சுரப்பியோ நாட்கணக்கில் மாறும். விதையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆய்வை நீட்டுங்கள், சுரப்பியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பத்து நாள் போதும். விண்ணப்பம் எழுதும்போதே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. உறுப்பின் எடையை உடல் எடையால் வகுத்து மட்டும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. விதையின் எடை உடல் எடையோடு பெரிதாக ஏறி இறங்காது. மருந்தால் எலி மெலிந்தால் வகுத்த எண் உயர்ந்து, விதை பருத்ததுபோலப் பொய் காட்டும். வகுக்காத எடையையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

ஊரில் கேட்பார்கள்

நீங்கள் இந்த ஆய்வு செய்கிறீர்கள் என்று தெரிந்தால் ஜிம்முக்குப் போகும் தம்பி ஒருவன் ஒருநாள் தனியாக வந்து கேட்பான்: "அக்கா, இந்த ஊசி போட்டால் பிரச்சினையோ?" அவனை ஏசி அனுப்பிவிடாதீர்கள். எலியின் எண்ணை அப்படியே மனிதனுக்குப் பொருத்த முடியாது. அதிரீனல் வேறு, வளர்ந்த எலியின் இரத்தத்தில் ஆண் ஓமோனைப் பிடித்துவைக்கும் புரதம் இல்லை, விந்தாக்கக் காலமும் வேறு. ஆனால் மோட்டர் நிற்கும் கதை இரண்டுக்கும் பொது. உலக சுகாதார அமைப்பு, டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990இல் வெளியான அந்த ஆய்வில் கிழமைக்கு 200 மில்லிகிராம் ஏற்றிக்கொண்ட ஆரோக்கியமான ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. நிறுத்திய பிறகு மீண்டும் வந்தது, ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவன் என்றால், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். எல்.எச்., எப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றையும் இரத்தத்தில் பார்த்து, விந்துப் பரிசோதனையும் செய்வார்கள். டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்தும் எல்.எச். அடியில் கிடந்தும் இருந்தால், உங்கள் எலிக்கூட்டில் நீங்கள் பார்த்த அதே படம்தான். கூட யாராவது வந்தால்தான் போவேன் என்று அவன் சொன்னால், கூடப் போங்கள்.